தம்பிக்குச் சீலியக் எண்டா அக்காவும் பாணை நிப்பாட்ட வேணுமோ?

வட்டக்கச்சியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. வயசு 38. அவவின்ர தம்பி கனடாவில, அவருக்கு இந்த வருஷம் சீலியக் நோய் எண்டு பிடிபட்டிருக்கு. பிடிபட்ட கையோட அவர் வீடியோ கோல் எடுத்து "அக்கா, இது பரம்பரையில வாறது, நீயும் இண்டையோட கோதம்ப மாவை விடு" எண்டிட்டாராம். இவவுக்கும் கனகாலமாப் பாண் சாப்பிட்டா வயிறு ஊதும், இடைக்கிடை வயித்தால போகும், கொத்து ரொட்டி எண்டா இன்னும் மோசம். பத்து நாளா நிப்பாட்டிப் பாத்திருக்கிறா, கொஞ்சம் சுகமாம். இதுக்கிடையில பரந்தன் பக்கத்து லாப் ஏஜென்ற் ஒராள் வீட்டுக்கே வந்து "200 சாப்பாட்டுக்கு ஃபுல் அலர்ஜி பக்கேஜ், 24,000 ரூபா" எண்டு சொல்லி 3,000 அட்வான்ஸும் வாங்கிக்கொண்டு போயிட்டார். நிப்பாட்டினது சரியோ, அந்த ரெஸ்ற்றைச் செய்யட்டோ, ஏழு வயசு மகளுக்கும் பாண் குடுக்காமல் விடட்டோ எண்டு கேக்கிறா.

தங்கச்சி, நாளைக்கு விடியப் பாண் சாப்பிடுங்கோ.

பகிடிக்குச் சொல்லேல்ல. சீலியக் எண்டுறது கோதுமையில இருக்கிற குளூட்டன் எண்ட புரதம் உள்ள போனா உடம்பு தன்ர சிறுகுடலோடயே சண்டை பிடிக்கிற வருத்தம். பார்லியிலயும் அந்தச் சாமான் இருக்கு. இரத்தத்தில நாங்கள் தேடுறது அந்தச் சண்டையின்ர அடையாளத்தை. கோதுமையை நிப்பாட்டினா சண்டை அடங்கும், அடையாளமும் மெல்ல மெல்லக் குறையும், பிறகு இரத்தம் குடுத்தா "ஒண்டுமில்லை" எண்டு வரும், கள்ளன் ஓடினாப் பிறகு நாய் குலைக்குதோ எண்டு காது குடுத்துக்கொண்டு நிக்கிற மாதிரித்தான். உங்களுக்குப் பத்து நாள்தானே, பெரிசா ஒண்டும் கெடேல்ல. ஆனா ஆறு மாசம், ஒரு வருஷம் விட்டிட்டு வாற ஆக்கள் இருக்கினம், அவையை ஒரு நாளைக்கு ரெண்டு துண்டுப் பாண் அளவு, ஆறில இருந்து எட்டுக் கிழமை திரும்பச் சாப்பிட்டிட்டு வாங்கோ எண்டு சொல்ல வேண்டியிருக்கு. கனபேர் அதுக்குப் பிறகு இந்தப் பக்கம் வாறேல்ல. வயிறு சுகமாக் கிடக்கேக்க ஆர்தான் திரும்ப நோவை விலை குடுத்து வாங்குவினம்? உங்களை அந்த நிலையில விட எனக்கு விருப்பமில்லை, அதுதான் முதல் வசனமாவே சொன்னனான்.

இனித் தம்பி சொன்ன பரம்பரைக் கதை. பொய்யில்லை, ஆனா பாதிதான். சீலியக் உள்ள ஆளின்ர தாய் தகப்பன், கூடப்பிறந்ததுகள், பெத்த பிள்ளையள், இவையில பத்துப்பேரில ஒராளுக்கு மட்டில வரும், சில கணக்கு இருபதில ஒராள் எண்டும் சொல்லுது. குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லாத சனத்தில உலகம் முழுக்கப் பாத்தா நூறில ஒராள். எங்கட பக்கம் அதுவும் இராது எண்டுதான் நினைக்கிறன், ஏனெண்டா இந்தியாவில செய்து 2016இல வந்த ஒரு பெரிய ஆய்வில வட இந்தியாவில நூறுக்கு 1.2 பேர், தென்னிந்தியாவில ஆயிரத்துக்கு ஒராள். பரம்பரைக் காரணி ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், அங்க மூண்டு நேரமும் சப்பாத்தி, இங்க சோறு. எங்கட நாட்டில தின்னுற கோதுமை முழுக்கக் கப்பல்ல வாறது, அதாலதான் எங்கட ஆச்சிமார் அதை அமெரிக்கன் மா எண்டவை. இப்ப எண்டா இரணைமடுத் தண்ணியில நெல்லு விளையிற ஊரில விடியப் பாண், பின்னேரம் ரோல்ஸ், இரவைக்குக் கொத்து, அது வேற கதை.

அப்ப, உங்களை மாதிரிக் கூடப்பிறந்த பத்துப்பேரில ஒம்பது பேருக்கு இல்லை. ஆனா அந்த ஒம்பது பேருக்கும் வயிறு எண்டு ஒண்டு இருக்குத்தானே. குடும்பத்தில ஒராளுக்குப் பிடிபட்ட உடன மற்ற எல்லாரும் தங்கட வயித்தைக் கவனிக்கத் தொடங்குவினம், கவனிச்சா எந்த வயிறும் ஏதோ ஒண்டு சொல்லும். மறுபக்கம், உண்மையாச் சீலியக் இருக்கிற சிலருக்கு வயித்தில ஒரு முறைப்பாடும் இராது, இரத்தம் குறைவு மட்டும்தான், இரும்புக் குளிசையை மாசக்கணக்கா விழுங்கியும் ஏறாது. அதால ஊதுது எண்டதை வைச்சு இருக்கு எண்டும் சொல்லேலாது, ஊதேல்ல எண்டதை வைச்சு இல்லை எண்டும் சொல்லேலாது. ஊரில இருக்கிற உங்கட அம்மா அப்பாவும் ஒருக்காப் பாக்கிறது நல்லது, அவைக்கு வயித்தில ஒண்டும் இல்லாட்டியும்.

சீலியக் இல்லாமலே கோதுமை ஒத்துவராத ஆக்கள் இருக்கினம், அது மனப்பிரமை இல்லை. அதில குடல் பழுதாகிறதும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு இரத்த ரெஸ்ற்றும் கிடையாது, இருக்கெண்டு ஆரும் சொன்னா உங்கட காசில அவருக்குக் கண். இன்னொரு விசயம், குத்தவாளி குளூட்டன்தான் எண்டும் இல்லை. கோதுமையில ஃபிரக்டன் எண்டு ஒரு சாதிச் சீனி இருக்கு, அது செமிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்க இருக்கிற கிருமியள் அதைப் புளிக்க வைச்சு வாயுவாக்கும். நோர்வேயில, "எனக்குக் குளூட்டன் ஒத்துவராது" எண்டு சொன்ன, சீலியக் இல்லாத 59 பேருக்கு எதுக்குள்ள என்ன இருக்கெண்டு சொல்லாமல் குடுத்துப் பாத்தவை, 2018இல வந்த ஆய்வு அது, வயிறு கூட ஊதினது ஃபிரக்டன் திண்ட கிழமையில, குளூட்டன் திண்ட கிழமையில இல்லை. அந்தச் சீனி வெங்காயத்திலயும் உள்ளியிலயும் நிறையக் கிடக்கு. கொத்து ரொட்டி எண்டா இன்னும் மோசம் எண்டு எழுதினீங்கள் எல்லோ, கொத்துக் கடையில ஒரு பிளேற்றுக்கு எவ்வளவு வெங்காயம் அள்ளிப் போடுறாங்கள் எண்டு ஒருக்கா நிண்டு பாருங்கோ.

பாணை எதோட சாப்பிடுறனீங்கள் எண்டு எழுதேல்ல. எனக்குத் தெரிஞ்சமட்டில பால்மாத் தேத்தண்ணிக்குள்ள தோய்ச்சுத்தான். எங்கட ஆக்களில கனபேருக்கு வளந்தாப் பிறகு பால்ச்சீனி செமிக்காது, ஊதும், கழியும். பழி பாணுக்கு. பாணை விட்ட பத்து நாளில பால் தேத்தண்ணியும் குறைஞ்சிருக்கும், யோசிச்சுப் பாருங்கோ. இந்தக் கிழமை பாணைச் சாப்பிட்டுக்கொண்டு வெறும் பிளேன் ரீ மட்டும் குடியுங்கோ. இதுக்கு ஒரு சதமும் செலவில்லை, ஏஜென்ற்றும் தேவையில்லை.

அந்த ஏஜென்ற். இதில எனக்குக் கொஞ்சம் கோவம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. அந்த 200 சாப்பாட்டுப் பக்கேஜில அவை பாக்கிறது இரத்தத்தில இருக்கிற ஐஜீஜீ (IgG) எண்ட எதிர்ப்புப் புரதத்தை. அது நீங்கள் எதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீங்கள் எண்டதைத்தான் காட்டும், எது ஒத்துவராது எண்டதை இல்லை. சோறு திண்டவருக்குச் சோத்துக்கு வரும், மீன் திண்டவருக்கு மீனுக்கு வரும். பிறகு கலர் கலரா ஒரு றிப்போட் வரும், அதில சிவப்பில முப்பது சாமான் இருக்கும், அதைப் பாத்துப்போட்டு முட்டை, கடலை, தக்காளி எல்லாத்தையும் விட்டு எலும்பும் தோலுமா வந்த ஒரு ரீச்சரை நான் கண்டிருக்கிறன், அவவுக்குக் கடைசியில இருந்தது பூச்சி வருத்தம். இன்னும் சிலபேர் கையில ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி லப்ரொப்பில கிராஃப் காட்டுவினம். அந்தக் கம்பியைப் பற்றிக் கதைக்க எனக்கு நேரமில்லை. அடுத்தது ஜீன் ரெஸ்ற், அது உண்மையான ரெஸ்ற்தான், ஆனா சுகமா இருக்கிற சனத்திலயே பத்தில மூண்டு நாலு பேருக்கு அந்த ஜீன் இருக்கு, இருக்கு எண்டு வந்தா ஒண்டும் முடிவில்லை, இல்லை எண்டு வந்தாத்தான் பிரயோசனம், சீலியக் அனேகமா வராது எண்டு நிம்மதியா இருக்கலாம். விக்கிற ஆக்கள் இந்தக் கடைசி வசனத்தைச் சொல்ல மாட்டினம்.

உங்களுக்குத் தேவை ஒரு இரத்தப் பரிசோதனைதான்: ரீரீஜீ ஐஜீஏ (tTG-IgA), முதல்ல சொன்ன சண்டையின்ர அடையாளம் அதுதான். அதோட கட்டாயம் மொத்த ஐஜீஏயும் (Total IgA) எழுதுவியுங்கோ. ஏன் ரெண்டாவது? சிலருக்குப் பிறப்பிலயே உடம்பில ஐஜீஏ எண்ட சாமான் இல்லை, சும்மா ஆக்களில ஐந்நூறில ஒராள் எண்டு வைப்பம், சீலியக் உள்ளவையில நூறில ரெண்டு மூண்டு பேர். சாமானே இல்லாத ஆளில அந்தச் சாமானைத் தேடினா எப்பிடி வரும்? பூச்சியம்தான் வரும். டொக்டரும் நல்லம் எண்டு அனுப்பிவிடுவார். அப்பிடியான ஆளுக்குச் சீலியக்குக்கான ஐஜீஜீ ரெஸ்ற் செய்ய வேணும். இப்பத்தான் ஐஜீஜீ கூடாது எண்டு கத்தினனான், இப்ப செய்யச் சொல்றன் எண்டு நினைப்பீங்கள். இது வேற ஐஜீஜீ. அவர் விக்கிறது 200 சாப்பாட்டுக்கு, இது சீலியக் ஒண்டுக்கு, அதுவும் மொத்த ஐஜீஏ இல்லாத ஆளுக்கு. பேர் ஒண்டு, ஆள் வேற. இந்தப் பேர்க் குழப்பத்திலதான் ஏஜென்ற்மார் பிழைக்கிறாங்கள், "டொக்டர்மாரும் ஐஜீஜீ எழுதுறவை அக்கா" எண்டு சொல்லுவாங்கள், அதாலதான் இவ்வளவு இழுத்துச் சொல்றன். துண்டில "மொத்த ஐஜீஏ" எண்டு இருக்கோ எண்டு உங்கட கண்ணால பாருங்கோ.

கிளினிக்கில இதைக் கேட்டா முகத்தைச் சுழிக்கலாம். ஒரு ஆளுக்கு மூண்டு நிமிஷம், வயிறு எண்டு சொல்லி முடிக்க முன்னம் காஸ்ரிக் எண்டு எழுதி, அமிலம் குறைக்கிற ஒமெப்ரசோல் குளிசை கையில. டொக்டரையும் பிழை சொல்லேலாது, வெளியில வாங்கு நிறையச் சனம் இருக்கு. ரெஸ்ற் எழுதினாலும் "வெளியில செய்யுங்கோ" எண்டு வரலாம், இலவச வைத்தியம் எண்டு நெஞ்சை நிமித்திற நாட்டில. ஆனபடியாப் போகேக்க தம்பியின்ர றிப்போட்டை வட்சப்பில எடுப்பிச்சு பிரிண்ட் அடிச்சுக் கொண்டு போங்கோ. "கூடப்பிறந்தவருக்கு பயொப்சியில (குடல் சதை எடுத்துப் பாத்ததில) உறுதி" எண்டு ஒரு தாளைக் காட்டினா கதையே மாறும், வாயால பத்துத்தரம் சொன்னாலும் மாறாது.

ரெஸ்ற் பொசிற்றிவ் எண்டா கமரா விட்டுச் சிறுகுடலில நுள்ளு நுள்ளாச் சதை எடுத்துப் பாப்பினம். இதில ஒரு பொறி. "எனக்கு முந்தியே கமரா விட்டது, கிளியர் எண்டவை" எண்டு சொல்லுற ஆக்கள் கனபேர். இரைப்பையைப் பாத்திட்டு கமராவை இழுத்திருப்பினம், சிறுகுடலில சதை எடுத்திருக்கவே மாட்டினம். சிறுகுடலின்ர உள்பக்கம் துவாயின்ர நூல் மாதிரி நிமிந்து நிக்கும், சீலியக்கில அது தேஞ்சு போர்வைச்சீலை மாதிரித் தட்டையாப் போகும், அது எல்லா நேரமும் கமராவுக்குத் தெரியிறேல்ல. சதை எடுத்தவையோ, எங்கயிருந்து எடுத்தவை எண்டு கேளுங்கோ.

எல்லாம் நெகற்றிவ் எண்டு வந்தா, அப்ப விடுங்கோ கோதுமையை, நாலு கிழமை விட்டுப் பாத்திட்டுத் திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கோ. ஒத்துவராட்டி உங்களுக்குத் தாங்கிற அளவைப் பிடிச்சுக்கொண்டு அளவாச் சாப்பிடலாம், துண்டுத் துணுக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை. சீலியக் எண்டு வந்தா அந்தச் சலுகை இல்லை. பிட்டு அரிசிமாதானே எண்டு நினைக்கிறது எங்கட வீடுகளில பெரிய பிழை. அவிச்ச கோதம்ப மா பாதிக்குப் பாதி கலந்துதான் குழைக்கிறது, இடியப்பமும் அப்பிடி, உழுந்துத் தோசைக்கும் அந்த மாதான். அவிச்சாக் குளூட்டன் போகும் எண்டு ஒரு கதை உலாவுது, போகாது. அரிதட்டும் நீத்துப்பெட்டியும் வேற வேணும், ஓலைப் பின்னலுக்குள்ள ஒட்டின மா எத்தினைதரம் கழுவினாலும் கிடக்கும். மோல்ற் போட்ட பானமும் பார்லித் தண்ணியும் ஆகாது, பெருங்காயக் கட்டியில கோதம்ப மா சேந்திருக்கலாம், சோயாமீற் பக்கெற்றின்ர பின்பக்கத்தை வாசியுங்கோ. ஆனா "குளூட்டன் ஃப்ரீ" எண்டு பேஸ்புக்கில ரெண்டு மடங்கு விலையில விக்கிற அரிசிமாவை வாங்க வேண்டாம், அரிசியில எண்டைக்கும் குளூட்டன் இல்லை. உங்கட வயல் நெல்லு, தனிக் குரக்கன், ஒடியல் மா, மரவள்ளி, எல்லாம் தாராளமாச் சாப்பிடலாம்.

மகள். அவ உங்கட தம்பிக்கு மருமகள், கூடப்பிறந்த ஆள் இல்லை, அதால உங்களைவிட அவவுக்குச் சான்ஸ் குறைவு. முதல்ல நீங்கள் செய்யுங்கோ. உங்களுக்கு இருக்கெண்டு வந்தா மட்டும் பிள்ளையைக் கொண்டு போங்கோ, அதுவரைக்கும் பாண் குடுங்கோ. நிறை ஏறேல்ல, வகுப்புப் பிள்ளையளைவிடக் கட்டையா நிக்கிறா, அடிக்கடி கழியுது எண்டா உங்கட றிப்போட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். ஆருக்கெண்டாலும் மலத்தில இரத்தம், காரணமில்லாமல் மெலியிறது, நித்திரையால எழுப்புற வயித்தோட்டம் எண்டா இந்தக் கோதுமைக் கதையை விட்டிட்டு உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

அந்த 3,000க்கு அவர் றிசீற் தந்தவரோ? தந்திருந்தா அதில எந்த லாப் எண்டு பேர் போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. பேர் இருந்தா நேர லாபுக்கே கோல் எடுத்து ரீரீஜீ ஐஜீஏ, மொத்த ஐஜீஏ ரெண்டும் தனியா எவ்வளவு எண்டு கேளுங்கோ, பிறகு அவருக்கு எடுத்து பக்கேஜ் வேண்டாம், காசைத் தா எண்டு சொல்லுங்கோ. தராட்டி அவர் நாளைக்குப் பக்கத்து வீட்டுக்கு வரேக்க நீங்களும் அங்க போய் இருங்கோ.