போர்டு போச்சா, வயர் போச்சா? – பயனீட்டாளர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய எக்ஸ்கவேட்டர், அதாவது மண் தோண்டும் இயந்திரம், பற்றித்தான். நீண்ட கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

ஐயா, 20 டன் எக்ஸ்கவேட்டர், ஜப்பான் ரீகோன் (சீர்செய்து விற்கும் பழைய வண்டி), 98,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். மூன்றாவது வாரத்திலிருந்து மானிட்டரில் ‘கம்யூனிகேஷன் எரர்’ வருகிறது, ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏற மறுக்கிறது. காலையில் நன்றாக ஓடும், சூடானதும் ஆரம்பித்துவிடும். கன்ட்ரோலர் போர்டு (வண்டியின் கம்ப்யூட்டர்) போச்சு, 14,000 வெள்ளி ஆகும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? – புக்கிட் மெர்தாஜாம்

இப்போதைக்கு மாற்றாதீர்கள். மீட்டரை வைத்து என்ன அளந்தீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். ஒன்றும் அளக்கவில்லை என்றால் அவர் குத்துமதிப்பாகச் சொல்கிறார். 14,000 வெள்ளி மட்டும் உங்களுடையது.

இது என் நெடுநாள் எரிச்சல். ஆகவே பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் கன்ட்ரோலர், பம்ப் கன்ட்ரோலர், மானிட்டர் எல்லாம் ஒன்றோடொன்று பேசுவது ‘கேன்’ எனப்படும் இரண்டே வயரில். 1980களில் பாஷ் நிறுவனம் காருக்காக உருவாக்கியது அது. கனரக இயந்திரங்களில் பெரும்பாலும் ஜே1939 என்ற முறைப்படி ஓடுகிறது. முறுக்கிவிட்ட இரண்டு வயர், இரண்டு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு முனையின் ரெசிஸ்டர் இணைப்பில் இல்லை. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில மாடல்களில் ரெசிஸ்டர் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும். அதன் சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு 120 வருகிறதே என்று பதறக் கூடாது. வயரிங் படத்தைப் பார்த்து அளக்க வேண்டும்.

அப்புறம் பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பி, ஒவ்வொரு வயரையும் எர்த்துக்கு அளக்கட்டும். இரண்டும் 2.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ‘ஹை’ என்ற வயர் கொஞ்சம் மேலே, ‘லோ’ என்ற வயர் கொஞ்சம் கீழே. ஒன்று பூஜ்யத்துக்குப் போய்விட்டால் வயர் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது என்று சந்தேகப்படலாம்.

எரரைச் சொல்வது யார் என்பதையும் பாருங்கள். ‘இன்ஜின் கன்ட்ரோலரைக் காணோம்’ என்று மானிட்டர் சொன்னால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. பதில் பேசாத இன்ஜின் கன்ட்ரோலரின் பியூஸ், மின்சாரம், எர்த் மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். எல்லாரும் எல்லாரையும் காணோம் என்றால் கோளாறு பொது வயரில். ஒரு போர்டு கெட்டு மொத்த லைனையும் அமுக்குவதும் உண்டு. லயத்து வீட்டில் ஒருவர் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தால் யார் பேச்சும் யாருக்கும் கேட்காதே, அந்த மாதிரி. ஒவ்வொரு சாக்கெட்டாகப் பிடுங்கிப் பார்த்தால் எதைப் பிடுங்கியதும் மற்றவை பேச ஆரம்பிக்கின்றன என்று தெரிந்துவிடும். அப்போது சொல்லலாம் போர்டு போச்சு என்று.

உங்களுக்குச் சூடானதும்தான் வருகிறது. சாக்கெட்டுக்குள் லூசான ஊசி, பச்சை பூத்த சாக்கெட், இன்ஜின் பக்கம் உரசும் வயர்க்கட்டு இவற்றின் மீதுதான் என் சந்தேகம். வண்டியை நன்றாகச் சூடேற்றி, ஒருவர் மானிட்டரைப் பார்க்க, இன்னொருவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து வயர்க்கட்டை ஆட்டிக்கொண்டே வரட்டும். நகரும் பாகங்களில் கை வைக்க வேண்டாம். விற்பதற்கு முன் ஹை பிரஷர் தண்ணீரில் கழுவிப் பளபளப்பாக்குகிறார்கள், அந்தத் தண்ணீர் சாக்கெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நான் வாங்கிய பழைய ஃபோர்க்லிஃப்ட்டும் இப்படிக் குளித்து வந்ததுதான். பெயிண்ட் இன்றைக்கும் அழகாக இருக்கிறது, வண்டிதான் ஓடவில்லை.

போர்டே போகாது என்று சொல்லவில்லை. பேட்டரியைக் கழற்றாமல் பக்கெட்டில் வெல்டிங் வைத்தால் போகலாம். ஆனால் மாற்றும் போர்டில் உங்கள் மாடலுக்கான புரோகிராம் ஏற்ற வேண்டியிருக்கும். வேறொரு வண்டியிலிருந்து கழற்றி வந்தது அப்படியே ஓடும் என்று நம்பாதீர்கள். முதலில் ஒரு நல்ல வயர்மேனை அழையுங்கள்.

ஆன்லைனில் 35 ரிங்கிட்டுக்கு, எரர் படிக்கும் கார் புளூடூத் ரீடர் கிடைக்கிறது. எக்ஸ்கவேட்டருக்குப் போதுமா? – கெப்போங்

போதாது. பிளக்கே பொருந்தாது.

அண்ணே, என் கணவர் வாடகைக்கு விடும் எக்ஸ்கவேட்டர் அடிக்கடி திருட்டுப் போகும் இடத்தில் நிற்கிறது என்று ஜிபிஎஸ் மாட்டினோம். மறுநாளிலிருந்து மானிட்டரில் எஸ்பிஎன் 639 என்ற எரர் எண் வருகிறது. ஜிபிஎஸ்காரர் எனக்குச் சம்பந்தமில்லை என்கிறார், விற்றவரும் அதையே சொல்கிறார். – பிறை

சம்பந்தம் இல்லாமல் எப்படி அம்மா இருக்கும்? 639 என்றால் ஜே1939 லைனிலேயே கோளாறு என்று பொருள். வண்டியின் தகவலை எடுக்க அந்த இரண்டு வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருப்பார் என்று நினைக்கிறேன். ஜிபிஎஸ்ஸை முழுக்கக் கழற்றி, வெட்டிய இடத்தை ஒழுங்காக இணைத்துத் தரச் சொல்லுங்கள். கழற்றுவதற்கு முன்னும் பின்னும் மானிட்டரைத் தேதியோடு படம் எடுங்கள். எரர் போய்விட்டால் அந்தப் படங்களே சாட்சி, கூலியைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் படங்களோடு மறுபடி எழுதுங்கள், விடக் கூடாது. இடத்தைக் கண்காணிக்க மட்டும் என்றால் மின்சாரமும் எர்த்தும் கொடுத்தாலே ஜிபிஎஸ் ஓடும், கேன் வயரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

டுரியான் தோட்டத்துக்கு, கோலாலம்பூரில் நின்ற மினி எக்ஸ்கவேட்டர். வாட்ஸ்அப் வீடியோவில் நன்றாக ஓடியது, முழுப் பணமும் அனுப்பிவிட்டேன். வந்து இறங்கிய அன்றே எரர். என்ன செய்வது? – பாலிக் பூலாவ்

கோலாலம்பூரில் நிற்கும் வண்டியை பாலிக் பூலாவிலிருந்து போனில் பார்த்தே வாங்கினீர்களா? டுரியானைக்கூட மோந்து பார்க்காமல் வாங்க மாட்டீர்களே ஐயா. அந்த வீடியோவை அழிக்காதீர்கள், ‘எந்தப் பிரச்சினையும் இல்லை’ என்று விற்றவர் அனுப்பிய செய்தி ஏதாவது இருந்தால் அதையும். மேலே புக்கிட் மெர்தாஜாம்காரருக்குச் சொன்ன சோதனைகளைச் செய்து, வயர்மேனிடம் எழுத்தில் வாங்கி, விற்றவருக்கு அனுப்புங்கள்.

பார்க்கப் போகும்போது எரர் எதுவும் இல்லை என்றால் வாங்கலாம்தானே? – செந்தூல்

எரரை அழிக்க ஒரு நிமிடம் போதும். நான் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வேனில் இன்ஜின் விளக்கின் பல்பையே கழற்றி வைத்திருந்தார்கள், விளக்கு எரியவே எரியாது. சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைகின்றனவா பாருங்கள். பல மாடல்களில் மானிட்டரின் சர்வீஸ் பக்கத்தில் பழைய எரர்கள் பட்டியலாக இருக்கும், காட்டச் சொல்லுங்கள். உழைத்த வண்டியின் பட்டியல் துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். நீங்கள் போவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்க விடாதீர்கள். ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து, ஒரு மணி நேரமாவது வேலை வாங்கி, சுழற்றி, ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ரசீதில் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் விற்ற தவுக்கே (முதலாளி). பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா? – பட்டர்வொர்த்

குத்தகை வேலைக்கு வாங்கியது என்றால் அந்தக் கதவு திறக்காது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக்கும் சொந்த உபயோகத்துக்கும் வாங்கும் பொருள்களுக்கானது. அதனால்தான் 50,000 ரிங்கிட் வரை வழக்குக் கேட்கும் அந்த மன்றம் உங்களுக்கு உதவாது. உங்கள் வழி 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம். இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரியை எழுதுவது அதற்குத்தான். கோளாறு தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் கதை வேறு, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் ஏமாற்றுக்கு இடமில்லை. 5,000 ரிங்கிட் வரை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு முறையில் வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். அதற்கு மேல் என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

எரர் வரும்போது பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடுகிறது. இப்படியே ஓட்டலாமா? – நிபோங் திபால்

ஓட்டலாம், சரிவில் பாதி பக்கெட் மண்ணோடு நிற்கும்போது ஆர்பிஎம் இறங்கினால் பரவாயில்லை என்றால்.