ரோசா பார்க்ஸ் எழுந்திருந்தால்? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

மாற்று வரலாறாக ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1955 டிசம்பர் 1, அமெரிக்காவின் மான்ட்கோமரியில் பஸ் டிரைவர் அதட்டியதும் கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ், நிஜத்தில் மறுத்துக் கைதானதுபோல் இல்லாமல், வெள்ளையருக்காக எழுந்து இடம் விட்டுவிடுகிறார். அதனால் கறுப்பர்கள் பஸ்ஸில் ஏறாமல் புறக்கணித்த போராட்டமே நடக்கவில்லை. 1980 வரை அங்கே பஸ்ஸில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி இருக்கைகள்தான். நம்பும்படி இருக்கிறதா?

க., திருச்சி

அன்புள்ள க.,

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் எழுந்திருந்தால் வேறு யாராவது எழாமல் இருந்திருப்பார்கள். ஏற்கெனவே இருந்தும்விட்டார்கள்: அதே ஊரில் அந்த மார்ச்சில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பெண், அக்டோபரில் மேரி லூயிஸ் ஸ்மித். பஸ் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்த வழக்கில் வாதிகளில் இவர்கள் இருவரும் இருந்தார்கள், ரோசா பார்க்ஸ் இல்லை. அவர் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆசிரியை தன் கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் ஒரு தாளுக்கு மூன்று வீதம் விடிய விடிய, பஸ்களைப் புறக்கணிக்கச் சொல்லும் நோட்டீஸ் அடித்து, வெட்டி, கட்டுக் கட்டாக விநியோகத்துக்கு அனுப்பினார். ஒரே ராத்திரியில் தோன்றிய யோசனையா இது?

உங்கள் 'ஒருவேளை'யை ரோசா பார்க்ஸ் தலையில் வைக்காமல் மேயரின் மேஜைக்குக் கொண்டுபோங்கள். 1954 மே 21 அன்றே ராபின்சன் மேயர் கெய்லுக்குக் கடிதம் எழுதிவிட்டார். என்ன கேட்டார் தெரியுமா? கறுப்பர்கள் பின்னாலிருந்தும் வெள்ளையர்கள் முன்னாலிருந்தும் இடம் நிரம்பும்வரை உட்கார்ந்து வரட்டும்; முன்வாசலில் காசு வாங்கிக்கொண்டு, இறங்கிப் பின்வாசலுக்குப் போ என்று சொல்ல வேண்டாம் (அப்படி இறங்கி நடப்பதற்குள் வண்டியை எடுத்துவிடுகிற டிரைவர்களும் உண்டு). பிரிவினையை ஒழிக்கவே சொல்லவில்லை! அதே அலபாமாவில் மொபைல் நகரத்தில் அந்த இருக்கை ஏற்பாடு இருந்தது. புறக்கணிப்பு தொடங்கியபோதும், கறுப்பு டிரைவர்கள் வேண்டும், மரியாதையாக நடத்த வேண்டும் என்பதைச் சேர்த்தால், கேட்டது ஏறக்குறைய இவ்வளவுதான். நகராட்சி பிடிவாதமாக மறுத்தது. அதற்குப் பிறகுதான், 1956 பிப்ரவரியில், பிரிவினையே கூடாது என்று வழக்கு போட்டார்கள். புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது.

மேயர் கொஞ்சம் சாமர்த்தியசாலியாக இருந்து, "சரி, அப்படியே செய்துவிடலாம்" என்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால்? பஸ்ஸில் அடிதடி இல்லை, கைது இல்லை, 26 வயது பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தோடு இருந்திருப்பார், பிரிவினை மட்டும் நல்ல பிள்ளை மாதிரி இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். எனக்கு இதுதான் பயமான கதை. ஆனால் 1980 வரை இழுக்காதீர்கள், நீதிமன்றங்கள் அதற்குள் குறுக்கே வந்துவிடும். ஐந்தாறு வருஷமே தாராளம்.

அப்புறம், அந்த முன்வாசல் பின்வாசல் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். மழை நாளில் வையுங்கள்.