வெள்ளைக் காக்கை என்றால் அல்பினோ தானா?

காக்கைக் கூட்டத்தில் ஒன்று மட்டும் முழு வெள்ளையாக இருந்தது, அது அல்பினோவா இல்லை வேறு இனமா என்பது கேள்வி. முதலில் கண்ணைப் பாருங்கள். அல்பினோவுக்கு கருமை தரும் மெலனின் நிறமியே உருவாகாது, அதனால் கண் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும், பார்வையும் மோசமாக இருக்கும், வெளிச்சம் கூசும், பாவம் பெரும்பாலானவை கூட்டைவிட்டு வெளியே வந்த கொஞ்ச நாளிலேயே இறந்துவிடும். ஆகவே நன்றாகப் பறந்து திரிகிற வளர்ந்த பறவை அல்பினோவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கண் வழக்கமான நிறத்திலேயே இருந்தால் அது லூசிசமாக இருக்கலாம், அதாவது நிறமி செல்கள் இறகுகளுக்குப் போய்ச் சேராத பிறவிக் குறை. இதில் வெள்ளைத் திட்டுகள் வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும். ஒவ்வொரு முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதும் வெள்ளை கூடிக்கொண்டே போனால் அது லூசிசம் இல்லை, நரைப்பது மாதிரி வேறொன்று. ஒரே ஒரு போட்டோவை வைத்து இவற்றைப் பிரிப்பது கஷ்டம்.

அப்புறம், மஞ்சள் நிறமுள்ள வேறு பறவை இப்படி வெளுத்திருந்தால், மஞ்சள் மட்டும் மிச்சமிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். மஞ்சள் தரும் கரோட்டினாய்டு உணவிலிருந்து வருவது, மெலனின் போனாலும் அது தங்கிவிடும்.

சரி, இனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை மறந்துவிட்டு அலகின் வடிவம், வால் நீளம், பறக்கும் விதம், குரல் இவற்றைக் கவனியுங்கள், எந்தப் பறவைகளோடு சேர்ந்து மேய்கிறது என்பதையும்தான். நீங்கள் பார்த்த வெள்ளைப் பறவை காக்கைகளோடு கரைந்துகொண்டு திரிந்தால் அது காக்கையேதான்.