‘காணாமல் போவது’ என்றால் என்ன?

கேள்வி: ராணுவக் கிடங்குகளில் இருந்து துப்பாக்கிகளும் தோட்டாக்களும் காணாமல் போவதாகப் பல நாடுகளில் இருந்து செய்தி வருகிறது. ஒவ்வொரு ஆயுதத்திலும் அது இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு சிப் வைத்துவிட்டால் தீர்ந்துவிடாதா?

பதில்: சிப்பை அப்புறம் பார்ப்போம். ‘காணாமல் போவதாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்தச் சொல்லோடுதான் சண்டை. குடை காணாமல் போகும், மூக்குக்கண்ணாடி காணாமல் போகும். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய தோட்டாப் பெட்டி, பூட்டும் காவலும் உள்ள அறையில் இருந்து எப்படிக் காணாமல் போகும்? யாரோ எடுத்தார், அல்லது யாரோ எடுத்துக் கொடுத்தார், அல்லது உள்ளே வந்த நாளிலேயே யாரோ எண்ணாமல் விட்டார். ‘காணாமல் போனது’ என்று எழுதிய உடனே அந்த ‘யாரோ’ தப்பித்துவிடுகிறார்.

இது பழைய சண்டை. உதவி ஆசிரியராக இருந்தபோது, இப்படி ஒரு கிடங்குச் செய்தியில் ‘பொறுப்பில் இருந்தவர் யார் என்று அதிகாரிகள் சொல்லவில்லை’ என்று ஒரு வரி சேர்த்தேன். எனக்கு மேலே இருந்தவர் இடம் இல்லை என்று அதை அடித்துவிட்டார். அந்த வரிதான் செய்தி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

போர்ச்சுகலில் டான்கோஸ் என்ற இடத்தில் ஒரு ராணுவக் கிடங்கு. 2017 ஜூனில் வேலியை அறுத்து உள்ளே புகுந்து, டாங்கி எதிர்ப்பு ராக்கெட்டுகள், கையெறி குண்டுகள், தோட்டாக்கள் எல்லாவற்றையும் அள்ளிப் போனார்கள். கண்காணிப்புக் கேமராக்கள் இரண்டு வருடமாக வேலை செய்யவில்லை. அக்டோபரில் பொருட்கள் கிடைத்தன. 9 மில்லிமீட்டர் தோட்டாக்கள் மட்டும் கிடைக்கவில்லை. ஆனால் திருடு போனதாகச் சொன்ன பட்டியலில் இல்லாத ஒரு வெடிபொருள் பெட்டி அதிகமாக இருந்தது! என்னைக் கேட்டால் திருட்டைவிட இந்தப் பெட்டிதான் பயங்கரம். உள்ளே என்ன இருந்தது என்றே தெரியாதவர்களுக்கு வெளியே என்ன போனது என்று எப்படித் தெரியும்? பொருட்களை மீட்டதே முன்கூட்டிப் பேசி வைத்த நாடகம் என்று புகார் எழுந்து, 2018 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் பதவி விலகினார், ராணுவத் தளபதியும் விலகினார்.

இன்னொரு கணக்கு, இராக். அங்கே பாதுகாப்புப் படைகளுக்கு அமெரிக்கத் தரப்பு கொடுத்ததாகச் சொன்னவற்றில் சுமார் 1,10,000 ஏகே-47 துப்பாக்கிகளுக்கும் 80,000 கைத்துப்பாக்கிகளுக்கும் முழுக் கணக்கு இல்லை என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2007இல் அறிக்கை கொடுத்தது. அதில் எத்தனை திருட்டு, எத்தனை வெறும் எழுத்துப் பிழை? சொல்ல முடியாது. 2005 டிசம்பர் வரை ஒரே இடத்தில் வைத்த பதிவேடு என்று ஒன்று கிடையாது. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை.

துப்பாக்கிக்காவது உடம்பில் ஒரு எண் உண்டு. தோட்டாவுக்குத் தனி எண் கிடையாது. எந்தத் தொகுதியில் தயாரானது என்ற எண் பெரும்பாலும் பெட்டியில்தான் இருக்கும். பெட்டியைப் பிரித்த பிறகு அது யாருடைய தோட்டா வேண்டுமானாலும் ஆகலாம். டான்கோஸில் திரும்பாதது எது என்று மறுபடி பாருங்கள்.

அந்தத் தொகுதி எண் திருடனைப் பிடிக்க மட்டும் இல்லை. வெடிமருந்து சும்மா கிடந்தாலும் சிதையும். சிதைவைத் தடுக்கக் கலந்த ரசாயனம் வெயிலில் சீக்கிரம் தீர்ந்துபோகும். எது எந்த வருடத்துச் சரக்கு என்று தெரிந்தால்தான் சோதிக்கலாம், கெட்டதை அழிக்கலாம். 2009இல் ஒரு கப்பலில் பிடித்த 98 கண்டெய்னர் வெடிபொருட்களை சைப்ரஸ் தன் கடற்படைத் தளத்தில் திறந்த வெளியில் அடுக்கி வைத்தது. எச்சரித்துக் கடிதங்கள் போயின. ஒரு கண்டெய்னர் வீங்கியது. சில நாட்களில், 2011 ஜூலை 11 விடியற்காலை, எல்லாம் வெடித்தது. கடற்படைத் தளபதி உட்பட 13 பேர் இறந்தார்கள். நாட்டின் பாதி மின்சாரத்தைத் தந்த பக்கத்து மின்நிலையம் நொறுங்கியது. அங்கே ஒன்றுமே காணாமல் போகவில்லை! எல்லாம் கண்ணெதிரே இருந்தது, இது என் பொறுப்பு என்று சொல்ல ஆள்தான் இல்லை. 2013இல் முன்னாள் பாதுகாப்பு அமைச்சருக்கு நீதிமன்றம் ஐந்து வருடச் சிறை விதித்தது.

போன முறை இதைப் பற்றி எழுதியபோது, ‘எண்ணுவது குமாஸ்தா வேலை, ராணுவத்துக்கு வீரம்தான் முக்கியம்’ என்று ஒரு வாசகர் கோபமாக எழுதினார். ஐயா, சண்டை நடக்கும் நேரத்தில் பெட்டிக்குள் தோட்டா இல்லாவிட்டால் வீரன் என்ன செய்வான்? பெட்டியைத் திறந்து எண்ணிக் கையெழுத்துப் போடும் அந்தக் கிடங்குக்காரர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மேலதிகாரி சொன்னார் என்பதற்காக எண்ணாமல் கையெழுத்துப் போட மறுப்பவர் மேல் இன்னும் அதிக மரியாதை.

சரி, சிப். வையுங்கள், நல்லதுதான். டான்கோஸில் கேமராவும் இருந்தது. கெட்டுப்போன சிப்பை யார், எத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று பெயரோடு எழுதி வைக்காவிட்டால் அதுவும் அந்தக் கேமரா மாதிரிதான்.

இந்த இதழில் இனி ‘ஆயுதங்கள் காணாமல் போயின’ என்று வராது. ‘இந்தக் கிடங்கில் இத்தனை துப்பாக்கிக்குக் கணக்கு இல்லை, பொறுப்பில் இருந்தவர் இன்னார்’ என்றுதான் போடுவோம். பெயர் தெரியாவிட்டால், கேட்டோம், சொல்லவில்லை என்பதையும் போடுவோம். இந்த முறை அந்த வரியை அடிக்க யாரையும் விடமாட்டேன்.