கை கீபோர்டை விட்டு நகராமல்: கேள்வி-பதில்

வந்திருக்கும் கேள்விகள் பெரும்பாலும் வி.எஸ். கோட் (புரோகிராம் எழுதும் மென்பொருள்) பற்றியவை. விண்டோஸ், லினக்ஸ் விசைகளைச் சொல்கிறேன். மேக்கில் பெரும்பாலும் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

அண்ணே, காரைக்குடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு படிக்கிறேன். ஷார்ட்கட் பட்டியலைப் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியும் ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

சுவரில் இருப்பதைக் கழற்றிவிடுங்கள், தம்பி. ஒரு நாள் முழுக்க, எதற்கெல்லாம் மவுஸைத் தேடிக் கை போகிறது என்று தாளில் குறித்து வாருங்கள். பலருக்கும் முதலில் வருவது ஃபைல் திறப்பதுதான். கன்ட்ரோல்+பி அழுத்தி, பெயரில் நாலு எழுத்து அடித்தால் போதும். அடுத்தது, ஒரு வரியை மேலோ கீழோ நகர்த்துவது: ஆல்ட்+அம்புக்குறி. ஒரு வாரத்துக்கு இந்த இரண்டு மட்டும். வேறு எது வேண்டுமானாலும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி அழுத்திக் கட்டளையின் பெயரை அடியுங்கள். அதற்கு ஷார்ட்கட் இருந்தால் பக்கத்திலேயே காட்டும்.

சார், ஆத்தங்குடியில் எங்கள் டைல்ஸ் பட்டறைக்கு நானே வெப்சைட் எழுதுகிறேன். 'விலை' என்ற வேரியபிளை 'சதுரடிவிலை' என்று மொத்தமாக ரீப்ளேஸ் செய்தேன். 'விலைப்பட்டியல்' என்ற ஃபங்ஷனும் சேர்ந்து மாறிவிட்டது.

ரீப்ளேஸுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. பெயர் மாற்றுவதற்கென்றே இருப்பது எஃப்2. கர்சரை வேரியபிள் மேல் வைத்து எஃப்2 அழுத்துங்கள். அந்த வேரியபிள் எங்கெல்லாம் பயன்படுகிறதோ அங்கு மட்டும் மாறும், வேறு ஃபைலாக இருந்தாலும் சரி. இன்னொரு ஃபங்ஷனுக்குள் அதே பெயரில் தனியாக ஒன்று இருந்தால் அதைத் தொடாது. என்டருக்குப் பதில், பெயர் அடிக்கும் பெட்டியின் கீழே ப்ரிவியூவுக்கென்று காட்டும் விசையை அழுத்தினால், மாறப்போகும் இடங்களை முன்கூட்டியே காட்டும். பணம் சம்பந்தப்பட்ட கோட் என்பதால் அதைப் பார்க்காமல் மாற்றாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இது உள்ளேயே வருகிறது. பைத்தானுக்கு எக்ஸ்டென்ஷன் போட வேண்டும்.

கோடில் டைல் விவரங்கள் உள்ள வரிகளில் ஒரே சொல்லை ஏழெட்டு இடத்தில் திருத்த கன்ட்ரோல்+டி. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அடுத்த இடம் சேரும். ஒன்றைத் தாண்ட வேண்டுமானால் கன்ட்ரோல்+கே, பிறகு கன்ட்ரோல்+டி. தவறிச் சேர்ந்ததை விலக்க கன்ட்ரோல்+யு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கர்சரைச் சொல்லின் மேல் வெறுமனே வைத்து ஆரம்பித்தால் முழுச் சொல்லாக மட்டுமே தேடும். நீங்களே செலக்ட் செய்து ஆரம்பித்தால் பெரிய சொல்லுக்குள் இருப்பதையும் பிடித்துக்கொள்ளும். 'விலைப்பட்டியல்' மாதிரி விபத்துகள் இங்கேயும் நடப்பது அதனால்தான்.

எஃப்2 அழுத்தினால் என் லேப்டாப்பில் வெளிச்சம்தான் குறைகிறது. - கானாடுகாத்தான்

எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்துங்கள். பல லேப்டாப்களில் எஃப்என்+எஸ்கேப் அடித்தால் இந்த ஏற்பாடு நிரந்தரமாக மாறிவிடும்.

லினக்ஸ் டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் திரையில்) பழக்கதோஷத்தில் கன்ட்ரோல்+எஸ் அடித்துவிடுகிறேன். எல்லாம் உறைந்துபோகிறது. - தேவகோட்டை

எதுவும் கெட்டுப்போகவில்லை. டெர்மினலில் அது திரையில் வருவதை நிறுத்தி வைக்கும் விசை. கன்ட்ரோல்+க்யூ அடியுங்கள், விட்ட இடத்திலிருந்து ஓடும். அப்புறம், அங்கே காப்பி எடுக்க கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி. வெறும் கன்ட்ரோல்+சி ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்திவிடும்.

கோடுக்குள் கமென்ட்டைத் (குறிப்பை) தமிழில் எழுதுகிறேன். கன்ட்ரோல்+ஸ்பேஸ் அடித்தால், அடுத்து என்ன அடிக்கலாம் என்ற பரிந்துரை வராமல் மொழி மாறிவிடுகிறது. - பள்ளத்தூர்

தமிழில் கமென்ட் எழுதுவதை இதற்காக விட்டுவிடாதீர்கள். சிந்திக்கும் மொழியிலேயே எழுதிய குறிப்பு ஆறு மாதம் கழித்தும் புரியும். உங்கள் தமிழ்த் தட்டச்சுக் கருவி அந்த விசையை முதலில் எடுத்துக்கொள்கிறது. கன்ட்ரோல்+கே, அடுத்து கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் விசைப்பட்டியல் திறக்கும். அதில் 'டிரிகர் சஜெஸ்ட்' என்பதை ஆங்கிலத்தில் தேடி, இருமுறை கிளிக் செய்து, பிடித்த விசையை அழுத்தி என்டர் கொடுங்கள். அந்த விசை ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தால் அங்கேயே சொல்லிவிடும். அப்போது வேறொன்றை அழுத்திப் பாருங்கள்.