எழவுக்கு அழ முடியாத ஊர்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையத்தில் மாதம் ஒருமுறை கூடும் சின்ன வாசிப்பு வட்டம் எங்களுடையது. நான் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருடம் டிஸ்டோப்பியா நாவல்களாக, அதாவது அதிகாரம் மனிதரை நசுக்கும் கொடுங்கற்பனை உலகங்களைக் காட்டும் நாவல்களாக எடுத்துப் படித்தோம். ஆர்வெல்லின் '1984', ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்', பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' மூன்றும் முடிந்தன. போன கூட்டத்தில் நான் ஒரு கட்டுரை வாசித்தேன். உணர்ச்சி, நினைவு, சுதந்திரம் இந்த மூன்றும்தான் மனிதனை மனிதனாக வைத்திருக்கின்றன, அதிகாரம் இவற்றைப் பிடுங்கிக்கொண்டால் மிஞ்சுவது இயந்திரம்தான் என்பது என் வாதம்.

வாசித்து முடித்ததும் வட்டத்தின் மூத்தவர் ஒருவர், ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "அதெல்லாம் சரி அம்மிணி, இந்த மூணும் எங்கூட்டு எருமைக்கும் இருக்குது. கன்னு செத்தா ரெண்டு நாள் கத்துது. வித்தாலும் பழைய கட்டுத்தறிக்கே திரும்பி வந்துருது. கவுத்த அறுத்துக்கிட்டு ஓடப் பாக்குது. அப்ப அது மனுசனா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. இன்னொருவர், இதெல்லாம் ஹிட்லரையும் ஸ்டாலினையும் பார்த்து மிரண்ட வெள்ளைக்காரர்களின் கவலை, நம் ஊருக்கு இதில் என்ன இருக்கிறது என்றார். என் மாணவர்கள் கேட்பது வேறு மாதிரி. கணினிக்கு இப்போது நினைவு இருக்கிறது, வருத்தப்படுவதுபோலப் பேசவும் செய்கிறது, நாளைக்கு அதுவும் மனிதனா என்கிறார்கள். அடுத்து எதைப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

எருமையைக் கூட்டத்துக்கு ஓட்டிவந்த பெரியவருக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லிவிடுங்கள். அவருடைய கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. கடைசியில் அதற்குத்தான் வந்து சேரப்போகிறேன்.

உங்கள் மூன்றில் உணர்ச்சியை எடுத்துக்கொள்வோம். '1984'இல் உணர்ச்சிக்கு என்ன பஞ்சம்? தினமும் இரண்டு நிமிடம் திரைக்கு முன்னால் நின்று எல்லாரும் சேர்ந்து வெறுக்கிறார்கள், கத்துகிறார்கள், கையில் கிடைத்ததைத் திரை மேல் வீசுகிறார்கள். அப்புறம் வெறுப்பு வாரம் என்று ஒரு திருவிழாவே இருக்கிறது. அந்த அரசுக்கு உணர்ச்சியில்லாத ஆள் தேவையே இல்லை. பொங்கிக்கொண்டே இருக்கிற ஆள்தான் வேண்டும், எதற்குப் பொங்குவது என்பதை மட்டும் அது சொல்லும். மில்லில் இருந்த பெரியவருக்கு இது புதிதாக இருக்காது. நம் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்து, மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று வெளி மாவட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் கல்யாணக் கனவையும் அப்பன் ஆத்தாள் மேல் இருந்த பாசத்தையும் யாரும் பிடுங்கவில்லை. அதை வைத்துத்தான் வாசல் கதவைப் பூட்டினார்கள்.

அதனால் ஒரு டிஸ்டோப்பியா நாவலைக் கையில் எடுத்தால், அங்கே உணர்ச்சி இருக்கிறதா என்று நான் தேடுவதில்லை. அந்த ஊரில் எழவு எப்படி நடக்கிறது என்றுதான் பார்ப்பேன். நம் பக்கம் சொல்வார்களே, நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகோணும் என்று. இந்த நாவல்களுக்குள் போகவும் அதுதான் சரியான வழி என்பது என் எண்ணம். உங்கள் வட்டம் படித்த மூன்றிலுமே கதையின் உயிர் ஒரு சாவில் இருக்கிறது.

1932இல் வந்த ஹக்ஸ்லியின் நாவலில் ஜான் என்பவனின் அம்மா லிண்டா சாகும் இடத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். சுத்தமான ஆஸ்பத்திரி. கட்டிலுக்குக் கட்டில் டிவி ஓடுகிறது, காற்றில் வாசனை, நோயாளிக்கு மயக்கத்தில் சந்தோஷமாக வைக்கும் சோமா மாத்திரை. சாவுக்குப் பயப்படாமல் பழகட்டும் என்று சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவந்து அங்கேயே விளையாட விடுகிறார்கள், தின்ன சாக்லேட் பலகாரம் கொடுக்கிறார்கள். ஜான் மட்டும் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அழுகிறான். நர்ஸுக்கு வந்த கவலையைப் பாருங்கள்: இவன் இப்படி அழுதால் பிள்ளைகளுக்குக் கொடுத்த பயிற்சி கெட்டுப்போகுமே! அந்த உலகத்தில் சட்டம் போட்டு யாரும் அழுகையைத் தடுக்கவில்லை. ஒருத்தி போனதற்காக அழுவது அங்கே நாகரிகக் குறைவு, அவ்வளவுதான். எனக்கு ஆர்வெல்லின் சித்திரவதை அறையைவிட இந்த ஆஸ்பத்திரிதான் அதிகம் பயம் தருகிறது. பின்னால் இதே ஜான் துன்பப்படும் உரிமை வேண்டும் என்று கேட்பதைப் பலரும் தத்துவமாக எடுத்துக்கொள்கிறார்கள். அம்மா செத்ததற்கு ஒழுங்காக அழ விடாதவனின் கோபமாகத்தான் எனக்கு அது கேட்கிறது.

பிராட்பரி 1953இல் எழுதியதில் நாம் எல்லாரும் புத்தகம் எரிவதையே பேசுகிறோம். எனக்குப் பெரிய இடம் படுக்கையறையில் நடப்பது. மாத்திரையை அளவில்லாமல் தின்ற, நாயகன் மோன்டாக்கின் மனைவியை இயந்திரம் வைத்துக் காப்பாற்றிவிட்டுப் போகிறார்கள். பிறகு ஒரு ராத்திரி மோன்டாக் யோசிக்கிறான். நாம் முதன்முதலில் எங்கே சந்தித்தோம் என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை. இவள் செத்தால் நான் அழமாட்டேன் என்று தோன்றுகிறது. அந்த எண்ணத்துக்கே அவனுக்கு அழுகை வந்துவிடுகிறது. நீங்கள் தனித்தனியாகப் பிரித்து எழுதிய உணர்ச்சியும் நினைவும் இங்கே ஒரே முடிச்சு. முதல் சந்திப்பு நினைவில்லாதபோது அவள் யாரோ ஒருத்தி. யாரோ ஒருத்திக்காக எப்படி அழுவது?

ஆர்வெல் 1949இல் இதையே இன்னும் கொடூரமாகச் செய்தார். '1984'இன் நாயகன் வின்ஸ்டனின் அம்மா ஞாபகத்தைத்தான் சொல்கிறேன். பஞ்ச காலத்தில் நோஞ்சான் தங்கையின் சாக்லேட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். அம்மா அந்தக் குழந்தையைக் கையால் அணைத்துக்கொள்கிறாள். சாக்லேட் திரும்பி வரப்போவதில்லை, குழந்தை பிழைக்கப்போவதும் இல்லை, ஆனாலும் அணைக்கிறாள். அவன் திரும்பி வரும்போது இரண்டு பேரும் இல்லை. அங்கே ஆளும் கட்சியால் விளங்கிக்கொள்ள முடியாதது பயனில்லாத அந்த அணைப்பைத்தான். 101ஆம் அறை என்ற சித்திரவதை அறையில் எலிக்கூண்டை முகத்துக்கு நேரே கொண்டுவரும்போது வின்ஸ்டனிடம் உண்மையில் கேட்கப்படுவது என்ன? உனக்குப் பதிலாக யாரைக் கொடுப்பாய்? ஜூலியாவுக்குச் செய்யுங்கள் என்று தன் காதலியின் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். அதோடு முடிந்தது. இன்னொருத்தியைத் தன் இடத்தில் வைக்கச் சம்மதித்த பிறகு அவனை உயிரோடு விட்டாலும் ஒன்றுதான்.

உங்கள் மாணவர்களின் கேள்விக்குப் பதில் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ரோபோ என்ற பெயரை உலகத்துக்குக் கொடுத்த காரெல் சாபெக்கின் நாடகம், 1920இல் எழுதியது. மனித இனம் அழிந்து கடைசியாக மிஞ்சிய ஒரு ஆள், ஒரு பெண் ரோபோவை அறுத்துப் பார்க்கப்போவதாகச் சொல்கிறான். அவளுக்குப் பதில் என்னை அறு என்கிறான் ஆண் ரோபோ. அவனை விடு, என்னை அறு என்கிறாள் இவள். இருவரையும் போகச் சொல்லிவிடுகிறான். அவர்கள் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறார்கள், எவ்வளவு நன்றாக வருத்தப்பட்டுப் பேசுகிறார்கள் என்று அவன் பரீட்சை வைக்கவில்லை. இன்றைய கணினி பற்றி எனக்கு இதற்கு மேல் பேசத் தோன்றவில்லை. அது யாருக்காவது பதிலாகத் தன்னைக் கொடுக்க முன்வந்தால், அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம்.

நம் ஊருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு வருகிறேன். நிறையவே இருக்கிறது, அதில் சங்கடமானதும் உண்டு.

பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பற்றிய கொங்குநாட்டு நாட்டார் கதையான அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடியவர்கள், பிராட்பரி நாவலின் கடைசியில் காட்டுக்குள் புத்தகங்களை மனப்பாடமாகச் சுமந்து திரிகிறவர்களுக்கு நெருங்கிய சொந்தம். 1965இல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் ஒலிநாடாவில் பதிவு செய்தார். அது பெரும்பாலும் வாழ்ந்த இடம் பாடகர்களின் தொண்டைதான். பொன்னரும் சங்கரும் விழுகிற கட்டம் வந்ததும் அந்தச் சாவை நடித்துக்காட்டும் படுகளத்தில் ஆட்கள் நிஜமாகவே உணர்விழந்து சாய்கிறார்கள், அவர்களின் தங்கை தங்காள் வந்து தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டும். எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய எழவுக்கு இன்றும் விழுந்து கிடக்கிற ஊர் நம்முடையது.

ஆனால் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு நிறுத்த எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே கதை சாதிப் பெருமைக்கும் தீனி போடுகிறது. நினைவு என்றாலே நல்லது, உணர்ச்சி என்றாலே நல்லது என்று உங்கள் கட்டுரை எடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான் இடறுகிறது. 2010இல் வந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை நான்கு வருடம் கழித்து திருச்செங்கோட்டில் எரித்தவர்கள் என்ன சொன்னார்கள்? எங்கள் உணர்வு புண்பட்டது, எங்கள் ஊரின் வரலாறு கெட்டது. ஒருவரின் சுதந்திரத்தைப் பிடுங்க உணர்ச்சியையும் நினைவையும் ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள். 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். தன் எழவுச் சேதியைத் தானே ஊருக்குச் சொல்ல வேண்டிய நிலைமை! இதை ஆர்வெல் எழுதியிருந்தால் கொஞ்சம் மிகையாக இருக்கிறதே என்றிருப்போம்.

2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்ற பிறகு அவர் கொண்டுவந்த நாவல்தான் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம், மாடும் பன்றியும் ஆகாது, மிச்சம் இருப்பது ஆடு என்கிற மாதிரி முன்னுரையில் அவரே சொல்வார். சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்காது. யாரோ கொடுத்துவிட்டுப் போன ஒரு கறுப்புக் குட்டியை ஒரு கிழவியும் கிழவனும் வளர்க்கிறார்கள். அதற்குக் காது குத்தி அரசாங்கத்தில் பதிய வேண்டும். வெயிலில் நாள் முழுக்க வரிசையில் நிற்கிறார்கள். குட்டி ஏது, எப்படி வந்தது என்று விசாரணை. வரிசையில் நிற்பவர்கள் அரசாங்கத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசவே பயப்படுகிறார்கள். எதிர்கால லண்டன் வேண்டாம், கண்ணாடி மாளிகை வேண்டாம். நம் மேட்டாங்காடு, நம் பட்டி, ஒரு தாலுகா ஆபீஸ் வரிசை, இவ்வளவிலேயே டிஸ்டோப்பியா முழுசாக வந்துவிட்டது. நாயகியோ மனுஷியே இல்லை.

பூனாச்சி ஒரு கிடாயை விரும்புகிறாள், அதை வெட்டிவிடுகிறார்கள். ஏழு குட்டி போடுகிறாள், அதிசயம் என்று ஊர் கூடுகிறது, அப்புறம் குட்டிகள் விலை போகின்றன. கிழவியும் பாசக்காரிதான், கெட்டவள் இல்லை, ஆனால் அவளுக்கும் பஞ்சம். அடுத்த ஈற்றில் குட்டி வரும் என்பது வளர்ப்பவர்களின் கணக்கு. போன குட்டிக்கு வேறு குட்டி பதிலாகாது என்பது பூனாச்சியின் கணக்கு. நாவல் முழுக்க இந்த இரண்டு கணக்கும் மோதுகின்றன.

அதனால் பெரியவரின் எருமைக்கு என் பதில்: ஆமாம், அதற்கும் இருக்கிறது. கன்று செத்தால் கத்தும் எருமையிடமிருந்து மனிதனைப் பிரித்துக்காட்டும் வேலை இந்த நாவல்களுக்கு இல்லை. செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துத் தாய்க்குக் காட்டிப் பால் கறந்துகொள்கிறோமே, அதே வித்தையை மனிதர்களிடம் எவ்வளவு தூரம் செய்ய முடியும் என்றுதான் அவை கேட்கின்றன. ஹக்ஸ்லியின் பதில், முழுசாகவே முடியும். ஆர்வெல்லின் பதில், வலி கொடுத்தால் முடியும். பிராட்பரி கொஞ்சம் நம்பிக்கைக்காரர்.

அடுத்த கூட்டத்துக்குப் 'பூனாச்சி'யை எடுத்துக்கொள்ளுங்கள். காது குத்தும் வரிசை வரும் பகுதியை யாராவது சத்தமாக வாசிக்கட்டும். கட்டுரை எதுவும் வேண்டாம். வட்டத்தில் வெள்ளாடு வளர்த்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள், அவர்களை முதலில் பேச விடுங்கள். மில்காரப் பெரியவர் எருமைக்காரர் என்பதால் அவருக்கு இரண்டாவது வாய்ப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம், இனச்சேர்க்கை பற்றிய பக்கங்கள் இருக்கின்றன என்று தலைமையாசிரியரிடம் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்