லோட் ஏற்றினால் ஹைலக்ஸ் இழுக்குதில்லை: பம்பைக் கழற்ற முன்னர் தாங்கியைப் பாருங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 1993ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப், 2.8 லீற்றர் 'த்ரீ எல்' டீசல் எஞ்சின், டேர்போ இல்லை. மாரி முழுக்க வளவுக்குள் நின்ற வாகனம். பெரும்போக அறுவடைக்கு வெளியே எடுத்து, நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனால் மாங்குளம் வரை குறையில்லை. ஏ9 வீதியில் ஏறி, வேகம் பிடிக்க அக்சிலேற்றரை மிதித்தால் ஐம்பதுக்கு மேல் போகாது. மிதிக்க மிதிக்க எஞ்சின் மூச்சு வாங்குகிறது, புகையும் இல்லை. முறிகண்டியில் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து எடுத்தால் பழையபடி இழுக்கிறது. கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி அதே கதை. கராச்சில் டீசல் பம்பையும், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நொசிலையும் கழற்றத்தான் வேண்டும் என்கிறார்களாம். கழற்றலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. நீங்கள் எழுதியதிலேயே பாதி மறுமொழி இருக்கிறது.

முதலாவது, புகை இல்லை. டீசல் எஞ்சின் இழுவை குறைந்து கறுப்புப் புகை தள்ளினால், டீசல் போகிறது, காற்றுக் காணாது என்று அர்த்தம். கிரவல் ரோட்டுத் தூசி குடித்த எயார் பில்டரை முதலில் பார்க்க வேண்டும். பச்சை டீசல் மணத்தோடு வெள்ளைப் புகை என்றால் நொசில், ரைமிங் (டீசல் பீச்சும் நேரம்) பக்கம் போக வேண்டும். நீலப் புகை ஒயில் எரிகிறது என்று சொல்லும். புகையே இல்லாமல் சோர்ந்தால், எரிய டீசல் போதவில்லை என்பதுதான் முதல் சந்தேகம்.

இரண்டாவது, நிறுத்தி வைத்தால் தேறிவிடுகிறது. இதுதான் பெரிய தடயம். தாங்கிக்குள் டீசல் உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு சின்ன வலை இருக்கும். தாங்கியின் அடியில் துருவும் கறுப்புக் களியும் கிடந்தால், ஓட ஓட அவை அந்த வலையில் போய் அப்பிக்கொள்ளும். லோட் இல்லாமல் மெல்லப் போகும்போது கசிகிற டீசலே எஞ்சினுக்குப் போதும், லோட்டோடு மிதிக்கும்போது போதாது. எஞ்சினை நிறுத்தினால் உறிஞ்சல் நிற்கும், அப்பியது உதிர்ந்து அடியில் விழும், வழி திறக்கும். நீங்கள் கும்பிட்டுவிட்டு வருகிற அந்தக் கால் மணித்தியாலத்தில் உள்ளே நடப்பது அதுவாகத்தான் இருக்கும். தேய்ந்த பம்பும் சூடேறினால் மோசமாவதுண்டு. ஆனால் அப்படிப்பட்ட பம்ப் பெரும்பாலும் சூட்டோடு ஸ்டார்ட் எடுக்கவே அடம்பிடிக்கும். உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

மாரிக்குள் நின்றது மூன்றாவது. குறைத் தாங்கியோடு மாதக்கணக்கில் நின்றால், உள்ளே இருக்கும் வெறும் காற்றின் ஈரம் தகட்டில் வியர்த்துத் தண்ணீராக அடியில் சேரும். துருப் பிடிப்பதும் களி வளர்வதும் அந்தத் தண்ணீரால்தான். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பரலிலும் கானிலும் சேர்த்து வைத்த டீசலை ஊற்றிய வாகனங்களிலும் இதைக் கண்டேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைக்கூட நாலாய் மடித்த சாறத்துணியில் வடிக்காமல் நாங்கள் ஊற்றியதில்லை. அந்தப் பழக்கத்தை விட்டிருக்கக் கூடாது.

சரி, எங்கே தொடங்குவது? காசு செலவில்லாத இடத்தில். ஒருவரை உள்ளே இருத்தி அக்சிலேற்றரை அடிமட்டும் மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பொனற்றைத் திறந்து, பம்பின் லீவர் கடைசி வரை போகிறதா என்று பாருங்கள். கேபிள் இழுபட்டிருந்தாலும், பெடலுக்கு அடியில் தடித்த மற் கிடந்தாலும் அரைவாசிதான் போகும். ஓட்டும்போது எஞ்சின் உறுமியும் வேகம் ஏறாமல் இருந்தால் அது கிளச். ஓடி நிறுத்தியதும் சில்லுப் பக்கம் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்தபடி நிற்கிறது.

அப்புறம் தாங்கியின் மூடி. இழுவை குறைந்த அந்த நேரத்திலேயே ஓரங்கட்டி மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே ஓடினால், மூடியின் காற்றுவழி தூசியால் அடைபட்டிருக்கிறது. மூடியைக் கழுவினாலே தீர்ந்துவிடும்.

அதே நிறுத்தத்தில் டீசல் பில்டரின் தலையில் இருக்கும் கைப்பம்பையும் பாருங்கள். அது உள்ளே இழுபட்டு அமர்ந்திருந்தால் அடைப்பு பில்டருக்கு முன்னால், அதாவது தாங்கிப் பக்கம். பில்டருக்கு அடியிலுள்ள குமிழைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் அடியில் கோடு போட்டுப் பிரிந்து நிற்கும், துரு அதற்கும் கீழே காப்பித்தூள் மாதிரிப் படியும். பில்டரை எப்படியும் புதிதாக மாற்றுங்கள். மாற்றியதும் கைப்பம்பை அது இறுகும் வரை அடித்துக் காற்றை எடுங்கள்.

நான் மிகவும் நம்புவது கான் சோதனையை. ஐந்து லீற்றர்க் கான் ஒன்றில் வடித்த நல்ல டீசல் எடுங்கள். தாங்கியிலிருந்து பில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, பில்டரிலிருந்து கானுக்கு ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் குழாய் விடுங்கள். பம்பிலிருந்து திரும்பும் டீசலுக்கும் கானுக்குள் ஒரு குழாய் வேண்டும். கான் அசையாதபடி, சூடான மனிபோல்டில் எதுவும் முட்டாதபடி இறுக்கிக் கட்டி, அதே லோட்டோடு ஓடுங்கள். ஏ9இல் வேண்டாம், ஆள் நடமாட்டமில்லாத உள்வீதி போதும். இழுவை திரும்பினால் உங்கள் பம்பும் நொசிலும் சுகமாக இருக்கின்றன.

பிறகு அதே தெளிந்த குழாயைத் தாங்கி ஹோஸுக்கும் பில்டருக்கும் இடையில் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் பின்னால் எங்கோ காற்று இழுக்கிறது. இந்தப் பக்கம் பம்ப் உறிஞ்சுகிற பக்கம். வெடித்த ஹோஸ் டீசலை வெளியே ஒழுகவிடாமல் காற்றை உள்ளே எடுக்கும், அதனால் ஈரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. முப்பது வருட ரப்பர் ஹோஸ் வெளியே நல்லாயிருந்தாலும் உள்தோல் உரிந்து வழியை மூடிக்கொள்ளும். கிளிப்போடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

குமிழி இல்லை என்றால் தாங்கியை இறக்கிக் கழுவி, வலையைச் சுத்தம் செய்வதுதான் வேலை. தாங்கி ஓட்டையாக இருந்தால், 'கழுவியாச்சுத்தானே' என்று வெல்டிங் பிடிக்க மட்டும் விடாதீர்கள். வெறும் தாங்கிக்குள் நிற்கும் ஆவி வெடிக்கும்.

கானில் ஓடியும் இழுக்காவிட்டால்தான் எஞ்சின் பக்கம் வர வேண்டும். அப்போதும் பம்புக்கு முன் இரண்டு விஷயம். ரைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? இந்த எஞ்சினுக்கு 100,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாற்ற வேண்டும். பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான், ஒரு பல்லுத் தாவினாலே இழுவை போய்விடும். அதோடு கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அது விழுந்த எஞ்சினுக்கு நொசில் மாற்றிப் பயனில்லை. இரண்டும் சரியாக இருந்தால் நொசில்களைக் கழற்றி, மேசையில் வைத்து அழுத்தம் பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். பம்பில் கை வைப்பது அதற்கும் பிறகு.